பின்கதவுக் கண்ணாடி

“ஒண்ணுமே இல்லையேக்கா, நல்லாத்தான ஏறி இறங்குது” என்று மீரான் காருக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னபோது ஜெனோவாவுக்கு அது கேட்கக்கூடாத வார்த்தையாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சொல்லுக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வண்டியைக் கொண்டுவந்து விடுகிற எல்லாரும் மெக்கானிக் வாயிலிருந்து ஒண்ணுமில்லை என்ற வார்த்தை வராதா என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் மட்டும் காலைப் பூசையில் முட்டிபோட்டு, மாதாவே என் வண்டியில் ஏதாவது கோளாறு இருக்கணும், பெரிய கோளாறாகவே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரிகிற கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்படி ஒரு வேண்டுதலை மாதாவும் கேட்டிருக்க மாட்டாள். பாளை ரோட்டில் மீரானுடைய ஷெட். கார்களுக்குக் கரண்டு வேலை மட்டும் பார்க்கிறவன். செத்த பேட்டரிகள் அடுக்கியிருந்த சுவரோரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, “இருங்கக்கா, இப்பம் பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டு அவன் வண்டிக்குள் போயிருந்தான். உய்ங் என்று இடப்பக்கப் பின்கண்ணாடி இறங்கியது. உய்ங் என்று ஏறியது. நின்ற இடத்தில் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை பாருங்க பாய், என்றாள். அவன் இன்னொரு தடவை பார்த்தான். இன்னும் ஒரு தடவை, என்றாள். கண்ணாடி பழுதில்லை என்றால், பழுது எதில் என்று அவளுக்குத் தெரியும். அது அவள் மடியில், சேலை முந்தானைக்கு அடியில், கிடந்தது: அவளுடைய வலது கை.

நடந்தது இவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரயில்வே கேட் போட்டிருந்தது. பின்சீட்டில் சுபத்ராவும் அவள் மகள் தாமிராவும். சுபத்ரா வாராவாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய் வருகிறவள். ஜெனோவாவின் வண்டியைத் தவிர வேறு வாடகை வண்டியில் ஏறமாட்டாள். ‘ஒரு பொம்பளை ஓட்டுதாங்க, பிள்ளையள நம்பி ஏத்தலாம்’ என்று அவள் சொல்லித்தான் அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஜெனோவாவின் நம்பரை எழுதி வைத்திருந்தன. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு வைத்து, கேட் திறக்கக் காத்திருந்தார்கள். “ஜெனோ ஆன்ட்டி, கண்ணாடி” என்றது பிள்ளை. ஜெனோவா தன் கதவில் இருக்கிற சுவிட்சை அமுக்கிப் பின்கண்ணாடியை இறக்கிவிட்டாள். பிள்ளை கையை வெளியே நீட்டியது. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை, அந்தத் தடதடப்புக்கு நடுவில் உய்ங் என்று ஒரு சத்தம். அவள் அதைக் கேட்டாள். கேட்டும் அது என்ன சத்தம் என்று மனசில் ஏறவில்லை. பிள்ளை வீறிட்ட பிறகுதான் ஏறியது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கும் மேல் ரப்பருக்கும் நடுவில் நாலு குட்டி விரல்கள். சுவிட்சைக் குத்தினாள், கண்ணாடி இறங்கியது. விரல்களில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு, ஒரு விரலில் தோல் வழன்றிருந்தது, அவ்வளவுதான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த இடத்தில், கேட்டில், பிள்ளையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு சுபத்ரா கேட்டாள்: “பிள்ளை கை வெளியே இருக்கது தெரியலையாக்கா? எதுக்குக் கண்ணாடிய ஏத்துனீங்க?” ஜெனோவா சொன்னாள்: “நான் அமுக்கலம்மா.” சொல்லி வாயை மூடுவதற்குள் அவளுக்கு உறைத்தது. அது அவள் வாக்கியம் இல்லை. அந்த வாக்கியத்தை, அதே இழுப்போடு, அதே திகைப்போடு, அவள் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

அப்பா தஸ்நேவிஸ் தோணியை நடத்துகிற தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி கொண்டுபோய் வந்தவர், நாலு ஆள் சேர்ந்து இழுக்கிற கயிற்றை ஒற்றை ஆளாகப் பிடித்து நிறுத்துவார் என்று சொல்வார்கள். அந்தக் கைதான் முதலில் போனது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டத் தொடங்கின. பக்கத்து வீட்டு அக்காமார், தண்டலுக்கு வயசாக வயசாக பக்தி கூடிட்டு, செபமாலை இல்லாமலே உருட்டுதாரு என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கை தட்டைத் தள்ளிவிட்டது. சோறும் மீன்குழம்பும் சுவரில் அடித்து, அம்மாவின் சேலையில் அடித்து, ஒரு துண்டு ஊளிமீன் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. ‘கோவத்தைச் சாப்பாட்டுல காட்டாதீங்க’ என்று அம்மா கத்தினாள். அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ ஒரு கையைத் தன் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டது போலப் பார்த்தார். “நான் தள்ளல மேரி” என்றார். “கைதான் தள்ளிச்சு.” வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. நடுக்குவாதம் என்று திருநெல்வேலியில் டாக்டர் பெயர் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். அந்த டாக்டரிடம் ஜெனோவாதான் கேட்டாள், பிள்ளைகளுக்கும் வருமா சார்? அவர் எழுதிக்கொண்டே, பெரும்பாலும் வராதும்மா, சிலருக்கு வரலாம் என்றார். இத்தனை வருஷம் அவளுக்கு அந்தப் பதிலின் முதல் பாதி போதுமானதாக இருந்தது. கியர் போட்டாள், பிரேக் பிடித்தாள், விமான நிலையத்துக்கும் திருச்செந்தூருக்கும் நாகர்கோவிலுக்கும் ஓட்டினாள், பெரும்பாலும் வராது, பெரும்பாலும் வராது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. கைக்குத் தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் கொக்கி ஒரு தடவையில் மாட்டவில்லை. முன்னால் எல்லாம் மாட்டுமா? ரசம் ஊற்றும்போது கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சொட்டு; அது எப்போதும் சிந்துகிற சொட்டா, புதுச் சொட்டா? வெங்காயம் நறுக்குகையில், பூட்டுத் திறக்கையில், சிலுவை போடுகையில், எல்லாவற்றிலும் ஒரு கண் அந்தக் கை மேலேயே இருந்தது, பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் தடுமாறியது, தடுமாறுவது நோயாலா பார்ப்பதாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. புருஷன் கஸ்பாரிடம் சொல்லவில்லை. என்ன என்று சொல்வது? லாஞ்சியில் மீன்பிடிக்கப் போய் அலுத்து வருகிற மனுஷனிடம், என் கை என் பேச்சைக் கேட்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது என்றா சொல்வது?

மீரான் இப்போது பின்கதவைத் திறந்து, உள்பக்க அட்டையைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு கிளிப்பாக நெம்பினான். பட், பட் என்று விட்டுக்கொண்டு வந்தது. கதவின் உள்பக்கம் தெரிந்தது. அழுக்குப் பிடித்த பிளாஸ்டிக் தாள், வயர்கள், கண்ணாடியைத் தூக்குகிற கம்பி, சின்ன மோட்டார். அறுத்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று ஜெனோவா பார்வையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு திரும்பவும் பார்த்தாள். “மோட்டாராத்தான் இருக்கும்னு நெனச்சேன், சமயத்துல மக்கர் பண்ணும்” என்று சொல்லிக்கொண்டே மோட்டாருக்கு நேரே பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்துப் பார்த்தான். ஓடியது. மாற்றிக் கொடுத்தான். மாறி ஓடியது. “மோட்டார் தங்கம்.” ரப்பரைத் தடவிப் பார்த்தான். அதிலும் ஒன்றுமில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து யோசித்துவிட்டு, “யக்கா, பிள்ளை முட்டி பட்டிருக்கும்” என்றான். “இந்தக் கதவுலயும் ஒரு சுவிட்ச் இருக்குல்லா. சீட்டுல ஏறி முட்டிபோட்டு நின்னு எட்டிப் பாத்திருக்கும், முட்டி சுவிட்சுல பட்டிருக்கும். இப்படி எத்தனையோ நடந்திருக்கு.” ஒரு கணம் அவளுக்கு மூச்சு இறங்கியது. ஆமாம், பிள்ளை முட்டிபோட்டுத்தான் நின்றது. ஆமாம், ஆமாம். அப்படியே விட்டுவிடலாம், பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம், பிள்ளை முட்டிதான் என்று சுபத்ராவிடமும் சொல்லலாம், நாலு நாளில் தானே அதை நம்பியும்விடலாம். ஆனால் நாக்கு அதற்கு முந்திக்கொண்டது. “பின்சுவிட்செல்லாம் லாக் பண்ணியிருந்தேன் பாய். பிள்ளையள் ஏறுனா மொத வேலையா லாக்கைத்தான் போடுவேன். பின்னால இருந்து என்ன அமுக்குனாலும் வேலை செய்யாது.” சொல்லிவிட்டு, இருந்த ஒரே கதவையும் தானே சாத்திக்கொண்டோமே என்று உட்கார்ந்திருந்தாள். மீரான் லாக்கைப் போட்டுப் பின்சுவிட்சை அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை. “அப்பம் உங்க கதவுச் சுவிட்ச் ஒண்ணுதான் பாக்கி” என்று முன்னால் வந்து, அங்கே இருந்த நாலு சுவிட்சுகளையும் மாற்றி மாற்றி அமுக்கினான், தட்டினான், ஆட்டினான். நாலும் நல்ல பிள்ளைகள். “ஒருவேளை உங்க கை கிய் பட்டிருக்குமோக்கா?” என்று சாதாரணமாகக் கேட்டான். டீக்கடைக்காரர் சீனி போடவா வேண்டாமா என்று கேட்கிற மாதிரி. பதிலுக்குக் காத்திராமல் குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.

கை எங்கே இருந்தது? இதுதான். இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். இடது கை ஸ்டீயரிங் மேல். அது நிச்சயம், ஏனென்றால் அந்தக் கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்து, இதைச் சோப்புப் போட்டுக் கழற்றித் துலக்கணும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. வலது கை? கண்ணாடியை இறக்குவதற்காகச் சுவிட்சுக்குப் போனது. போனது தெரிகிறது. இறக்கியது தெரிகிறது. அப்புறம் அது எங்கே போனது? திரும்பி மடிக்கு வந்ததா, அங்கேயே கிடந்ததா? கதவில் கை வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயேதான் அந்த நாலு சுவிட்சும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் கையைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அவளும் அப்படித்தான். அப்படியானால் கை அங்கேதான் இருந்திருக்கும். அங்கே இருந்து, விரல்கள் பாட்டுக்கு எதையோ உருட்டிக்கொண்டு... வேண்டாம். கூட்ஸ் வண்டியிலிருந்து ஆரம்பி. பெட்டி பெட்டியாகப் போகிறது, தார்ப்பாய் போட்ட பெட்டிகள். கேட்டுக்காரர் கையில் பச்சைக் கொடி. பக்கத்தில் ஒரு மீன்பாடி வண்டி, அதில் ஐஸ் உருகிச் சொட்டுகிறது. பிள்ளை ஏதோ சொல்லிச் சிரிக்கிறது. கை. கை எங்கே? ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வந்ததும் மனசு நூல் அறுந்த மாதிரி நின்றுவிடுகிறது. அடுத்தது உய்ங் சத்தம்தான். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடம்தான் அவளைப் பயமுறுத்தியது. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். தட்டில் சோறு இருக்கிறது, அடுத்த கணம் சுவரில் சோறு இருக்கிறது, நடுவில் தான் இல்லை. வண்டி ஓட்டுகிறவளுக்கு அப்படி ஒரு இடம் இருக்கலாமா? நாலு வழிச் சாலையில் பின்னால் யாரோ பெற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வர, ஸ்டீயரிங் பிடித்த கை தன் பாட்டுக்கு ஒரு சின்னத் தள்ளுத் தள்ளினால்? வண்டியை விற்றுவிடணும். விற்றுவிட்டு என்ன செய்வது? ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கப் போகலாம், அதற்கும் விரல் வேணுமே. அவள் முந்தானையை விலக்கிக் கையைப் பார்த்தாள். ரவிக்கைக் கை முழங்கை வரை நீளமானது. வெயிலுக்காக எப்போதும் அப்படித்தான் தைக்கச் சொல்வாள். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, முழங்கையில் அது ஈரமாக ஒட்டிக்கொண்ட ஒரு பிசுபிசுப்பு எங்கிருந்தோ வந்தது. இப்போது ஒட்டவில்லை. இப்போது காய்ந்துதான் இருக்கிறது. அப்போது ஒட்டியது. எப்போது? ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி பெஞ்சில், பிள்ளையை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோயிருந்தபோது, இந்த நனைந்த துணியைத் தோலிலிருந்து பிய்த்து விட்டுக்கொண்டாள். வலது பக்கம் மட்டும் நனைந்திருந்தது. ஏன் நனைந்தது? மீன் வண்டி ஐஸா? இல்லை, அது அந்தப் பக்கம் நின்றது. பிள்ளை என்ன சொல்லிச் சிரித்தது? கையை நீட்டி, உள்ளங்கையை மல்லாத்தி, அம்மா இங்க பாரு, ஒண்ணு விழுந்துட்டு, இன்னொண்ணு விழுந்துட்டு...

மழை. தூறல். பிள்ளை தூறலைப் பிடிக்கத்தான் கையை நீட்டியது. புழுக்கம் தாங்காமல் அவளும் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்திருந்தாள், சாரல் அந்த வழியாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, கதவு நனைந்தது, சுவிட்ச் நனைந்தது, கை நனைந்தது. ஜெனோவா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “பாய், அன்னைக்குத் தூறல். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்துச்சு. அந்தச் சுவிட்செல்லாம் நனைஞ்சிருக்கும்.” மீரான் ஃபியூஸ் பெட்டியிலிருந்து நிமிர்ந்தான். “அத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் இங்க காஞ்ச வண்டியில நோண்டிக்கிட்டுக் கிடக்கேன்.” “இப்பதான் பாய் நெனப்பு வந்துச்சு. நனைச்சுப் பாப்பமா?” அவன் தலையைச் சொறிந்தான். சுவிட்சில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்ற அவனுக்கு மனசு வரவில்லை. “கருகிப் போச்சுன்னா என்னையச் சொல்லப்படாது.” “கருகட்டும்” என்றாள் ஜெனோவா. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தானே போனாள். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, பின்கண்ணாடியை முழுக்க இறக்கி, உள்ளங்கையில் தண்ணீரை வாங்கி அன்றைக்கு எப்படிச் சாரல் விழுந்ததோ அப்படிச் சுவிட்சுகளின் மேல் தெளித்தாள். பாட்டிலை மூடிப் பக்கத்துச் சீட்டில் போட்டாள். பிறகு இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். “எதுக்குக்கா? போலீஸ் புடிச்ச மாதிரி” என்று மீரான் சிரித்தான். “இருக்கட்டும். நீங்களும் தள்ளி நில்லுங்க பாய். வண்டியத் தொடாதீங்க. யாரும் தொடப்படாது.” அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் போனது. தண்ணீர் சுவிட்சுகளின் இடுக்கில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு கதவோரமாக வழிந்து அவள் செருப்பில் விழுந்தது. தலைமேல் விரல்களைக் கோத்திருந்தாள். முடிக்கு அடியில் மண்டை சூடாக இருந்தது, கை அதைவிடச் சூடாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ துடித்தது. நாடியா, நடுக்கமா? நாடிதான். நாடி ஒரு சீராகத் துடிக்கும். இது ஒரு சீராகத்தான் துடிக்கிறதா? மாதாவே. ஏறு. ஏறித்தொலை. பார்க்கிறவன் என்ன நினைப்பான், ஒரு கிறுக்கி தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கெஞ்சுகிறாள். ஏறவில்லை என்றால் என்ன செய்யப் போகிறாய் ஜெனோவா, எழுந்து நடந்து போய் எந்த டாக்டர் முன்னால் கையை நீட்டப் போகிறாய், கஸ்பாருக்கு எப்படிச் சொல்வாய், அம்மா உயிரோடு இல்லாததே நல்லது, அவள் இன்னொரு தரம் இதைப் பார்க்க வேண்டியதில்லை. தோள்பட்டை வலிக்க ஆரம்பித்தது. மீரான் தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறந்து, சரி விடுங்கக்கா என்று சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போது கதவுக்குள் எங்கோ ஒரு சின்ன சொடுக்கு. பிறகு, உய்ங். அவள் திரும்பவில்லை. முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். இடப்பக்கப் பின்கண்ணாடி, ஒருத்தரும் தொடாமல், ஒருத்தரையும் கேட்காமல், தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே போய் ரப்பரில் முட்டிய பிறகும் மோட்டார் நிற்காமல் முனகிக்கொண்டிருந்தது. “யம்மா! தானா ஏறுது!” என்று மீரான் பாய்ந்து வந்தான். ஜெனோவா கையை எடுக்கவில்லை. “பாய், என் கை எங்க இருக்கு?” “தலையில.” “சத்தமாச் சொல்லுங்க.” “தலையிலதான்கா இருக்கு! ரெண்டும் தலையிலதான் இருக்கு! சாவிய அணைங்க, மோட்டாரு போயிரும்!” அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க மூக்கில் நீர் வழிந்தது, கன்னத்தில் வழிந்தது, துடைக்கவும் கை கீழே வரமாட்டேன் என்றது, மீரான்தான் எக்கிச் சாவியைத் திருப்பினான். இல்லை, அழவில்லை பாய், ஒண்ணுமில்லை பாய், என்று சொல்லிக்கொண்டே தலையில் கை வைத்தபடி அழுதாள். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு ரொம்பச் செலவு போல என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் கதவுச் சுவிட்சைக் கழற்றிப் பிரித்தபோது உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பித்தளைத் தகடுகளின் மேல் பாசி மாதிரி ஒரு படலம், ஒரு தகட்டிலிருந்து பக்கத்துத் தகட்டுக்குப் பாலம் போட்டுக்கொண்டு. “உப்புக்காத்துக்கா” என்றான் மீரான். “காஞ்சு கிடக்கப்ப ஒண்ணும் செய்யாது. ஈரம் பட்டுச்சுன்னா இந்தப் பச்சை வழியா கரண்டு தாவிரும், அமுக்குன மாதிரியே ஆயிரும்.” அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு அழகான ஒரு அழுக்கை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தோன்றியது. இதுவா. இந்தச் சொறியா ஒரு வாரம் என்னைத் தின்றது. அவன் புதுச் சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினான். அவள் பக்கத்துக் கண்ணாடியின் வெளிரப்பர் வெடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்ததால் அதையும் மாற்றினான். பின்கதவு அட்டையைத் திரும்ப அமுக்கி மூட்டினான். மறுபடி தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார்கள், இந்தத் தடவை கையைத் தலையில் வைக்காமல். கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. வேண்டுமட்டும் காத்திருந்தார்கள், அசையவில்லை. பிறகு அவள் சுபத்ராவுக்குப் போன் செய்தாள். “கண்ணாடி தானாத்தான்மா ஏறியிருக்கு. இப்பம் கண்ணால பாத்தேன். சுவிட்ச மாத்தியாச்சு. ஆனாலும் என் வண்டியில நடந்தது. பிள்ளைக்கு விரல் எப்படி இருக்கு?” “தோலு உரிஞ்சு புதுசு வந்துட்டுக்கா” என்றாள் சுபத்ரா. “அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு நீங்க இனி வரமாட்டீங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை வேற வண்டி சொன்னா இவ ஏறவே மாட்டேங்கா.” “வாரேன்மா” என்றாள் ஜெனோவா. போனை வைத்த பிறகு, மீரான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே அவனிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். உருட்டிய விரல்களை, தட்டை, ஊளிமீனை, கஸ்பாரிடம்கூடச் சொல்லாததை எல்லாம். அவன் குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டு நின்றான். “சாமான்லாம் வெளியேதான் கிடக்கு” என்றான் கடைசியில். “மத்த மூணு கதவுச் சுவிட்சையும் பிரிச்சுச் சுத்தம் பண்ணிருதேன். இருங்கக்கா. அவசரமில்லைல்லா?”

அவசரமில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிலருக்கு வரலாம் என்றார் டாக்டர். அதை இந்தச் சுவிட்ச் பொய்யாக்கிவிடவில்லை, அவளுக்கு அது தெரியும். வந்தால் வரட்டும். வராமலும் போகும். ஒருநாள் திருநெல்வேலிக்குச் சவாரி கிடைக்கும்போது போய்க் காட்டிவிட்டு வரலாம், கஸ்பாரையும் கூட்டிக்கொண்டு போகலாம், இன்றைக்குச் சாயங்காலமே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், ஏண்டி இத்தனை நாளா சொல்லல என்று திட்டுவான், திட்டட்டும். அப்பாவிடம் அன்றைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர், சரி நீங்க தள்ளலப்பா என்று சொல்லியிருக்கலாம். தட்டுதான் போனது, போகட்டும் என்று. அம்மா சுவரைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தது, ஈரச் சுவர், மஞ்சளாக ஒரு திட்டு, அது மழை பெய்யும்போதெல்லாம் மறுபடி தெரியும்... பட், பட் என்று கிளிப்புகள் விடுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. ரோட்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள். டயர் கடையில் காற்று சீறியது. மீரான் ஏதோ கேட்பதற்காகத் திரும்பினவன், பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் போய்க் குறைத்தான். நாற்காலியில் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. ஒரு வாரமாக அதைக் காவல் காத்தவள் தூங்கிப்போயிருந்தாள்.